பிடுங்காதீர்கள், முதலில் அழுத்துங்கள்

வளர்ப்புப் பறவையின் இறகிலிருந்து ரத்தம் கொட்டினால், முதல் பத்து நிமிடங்களில் நாம் செய்வதுதான் அதைக் காப்பாற்றும்.

எங்கள் லெம்பா பெர்த்தாமில் பல வீட்டு வாசல்களில் ஒரு பறவைக் கூண்டு தொங்கும். முன்பெல்லாம் மெர்போக்கும் மைனாவும்தான் அதிகம். இப்போது வேலைக்குப் போகும் பிள்ளைகள் கையில் சம்பளம் வந்ததும் வாங்கி வருவது காக்கட்டியல், லவ்பேர்ட், பட்ஜி. தலையில் கொண்டையும் கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டுமாக உட்கார்ந்து விசிலடிக்கும் காக்கட்டியலுக்கு, வந்த இரண்டே மாதத்தில் வீட்டுப் பிள்ளைக்குரிய இடம் கிடைத்துவிடுகிறது.

நானும் பதினைந்து வருடங்களாகப் பறவை வளர்க்கிறேன். மருத்துவன் அல்ல. மருத்துவர்களிடம் அடிக்கடி போய், கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டவன். அதனால் அக்கம்பக்கத்தில் யார் வீட்டுப் பறவைக்கு என்ன ஆனாலும் முதலில் என் கைப்பேசிதான் அடிக்கும். அப்படி வரும் அழைப்புகளில் மிகவும் பதற்றமானது இதுதான்: “கூண்டெல்லாம் ரத்தம்! எங்கே அடிபட்டதுன்னே தெரியல!”

போய்ப் பார்த்தால் பெரும்பாலும் உடம்பில் காயமே இருக்காது. வளர்ந்துகொண்டிருந்த ஓர் இறகு உடைந்திருக்கும்.

கொழுந்தும் முற்றிய இலையும்

தேயிலை மலையில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். கொழுந்து வேறு, முற்றிய இலை வேறு. இறகிலும் அப்படித்தான்.

புதிதாக முளைக்கும் இறகு, ஒரு மெல்லிய உறைக்குள் சுருட்டி வைத்த மாதிரி தோலிலிருந்து வெளியே வரும். அதன் தண்டுக்குள் ரத்த நாளங்கள் ஓடும். இறகு வளரச் சத்து வேண்டுமே, அது அந்த ரத்தத்தின் வழியாகத்தான் போகிறது. இதைத்தான் ‘ரத்த இறகு’ என்கிறார்கள். வெள்ளை, மஞ்சள் நிறப் பறவைகளில் தண்டின் அடிப்பகுதி கருநீலமாகத் தெரியும். கறுப்பு, சாம்பல் நிறப் பறவைகளில் சட்டென்று தெரியாது. சிறகை விரித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும்.

இறகின் நுனி விரிய விரிய, ரத்தம் மெல்ல அடிப்பக்கம் இறங்கிவிடும். சில வாரங்களில் தண்டு வெறும் குழலாகிவிடும். அதற்குப் பிறகு அந்த இறகு நம் நகத்தைப் போல. வெட்டினாலும் வலிக்காது, ரத்தம் வராது.

கொழுந்துப் பருவத்தில் உடைந்தால்தான் ஆபத்து. தோலில் வெட்டுப்பட்டால் சதை சுருங்கி ரத்தம் நிற்க வழி உண்டு. இறகுத் தண்டு விறைப்பான குழாய், அது சுருங்காது. உறைந்த ரத்தம் வாயை அடைத்தாலும், பறவை ஒருமுறை சிறகடித்தால் அந்த அடைப்பு தெறித்துவிடும். மறுபடியும் சொட்டத் தொடங்கும்.

எத்தனை சொட்டு தாங்கும்?

பறவையின் உடலில் இருக்கும் ரத்தம், அதன் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. 90 கிராம் எடையுள்ள காக்கட்டியலுக்கு ஏறக்குறைய 9 மில்லிலிட்டர். இரண்டு தேக்கரண்டிகூட நிறையாது. 35 கிராம் பட்ஜிக்கு மூன்றரை மில்லிலிட்டர்தான்.

ஆரோக்கியமான பறவையிடமிருந்து பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கும்போது, மொத்த ரத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது கால்நடை மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு. ஒரு மில்லிலிட்டருக்கு சுமார் 20 சொட்டு என்று வைத்துக்கொண்டால், காக்கட்டியலுக்கு அது 18 சொட்டு. பட்ஜிக்கு ஏழே சொட்டு.

எட்டாவது சொட்டில் பறவை செத்துவிடும் என்று இதற்குப் பொருள் இல்லை. நல்ல உடல்நிலையில் உள்ள பறவைகள் இதைவிட அதிக இழப்பையும் தாங்கும். அதோடு, சிறகடிக்கும்போது ரத்தம் சுவரெல்லாம் தெறிப்பதால், போனதைவிட அதிகம் போனது போலத் தெரியும். ஆனாலும் “காலையில பார்த்துக்கலாம்” என்று படுக்கப் போகிற விஷயம் இது இல்லை. எங்கள் பகுதியில் ஒரு வீட்டில் பட்ஜியின் வால் இறகு இரவில் உடைந்திருக்கிறது. யாருக்கும் சத்தம் கேட்கவில்லை. காலையில் கூண்டின் தரையில் கிடந்தது. அதை வளர்த்த பையனுக்கு ஒன்பது வயது.

ஒரு மழை இரவில்

சென்ற வருடம் மழைக்காலத்தில் ஒரு நாள் இரவு பதினொரு மணி இருக்கும். பக்கத்து வரிசை அக்கா கூப்பிட்டார். “தம்பி, கொஞ்சம் வர்றீங்களா? ராஜா கூண்டுல ஒரே ரத்தம்.”

ராஜா அவர்கள் வீட்டுக் காக்கட்டியல். காய்கறி லோரி ஒன்று வளைவில் திரும்பியபோது அதன் விளக்கு வெளிச்சம் சன்னல் வழியாகப் பாய்ந்திருக்கிறது. இருட்டில் தூங்கிக்கொண்டிருந்த பறவை மிரண்டு கூண்டுக்குள் மோதியிருக்கிறது. காக்கட்டியல்களுக்கு இந்த இரவு மிரட்சி சகஜம். இருளில் எதன் மீது மோதுகிறோம் என்று தெரியாமல் சிறகடிக்கும்.

நான் போனபோது வீடே எழுந்து நின்றது. அண்ணன் கையில் குறடு. “பிடுங்கிட்டா நின்னுடும்னு சொல்றாங்களே?” என்றார். பாட்டி மஞ்சள்தூள் டப்பாவோடு வந்துவிட்டார். நான்காம் படிவம் படிக்கும் மகள் மட்டும் அழாமல், “மாமா, நான் என்ன பிடிச்சுக்கணும்?” என்று கேட்டாள்.

பெரிய விளக்கை அணைத்துச் சின்ன விளக்கைப் போட்டோம். அவள் துண்டைப் போர்த்திப் பறவையைப் பிடித்தாள். இடது சிறகில் பாதியில் ஒடிந்த ஓர் இறகிலிருந்து ரத்தம் முத்து முத்தாகக் கோத்துச் சொட்டிக்கொண்டிருந்தது. மருந்துப் பெட்டியிலிருந்த வலைத்துணியை மடித்து, ஒடிந்த முனையை இரு விரலால் அழுத்திப் பிடித்தேன். கைப்பேசிக் கடிகாரத்தில் மூன்று நிமிடம். எடுத்துப் பார்த்தால் இன்னும் கசிந்தது. முனையில் கொஞ்சம் சோளமாவு வைத்து இன்னும் ஐந்து நிமிடம். நின்றது.

குறடுக்கும் மஞ்சளுக்கும் வேலை இல்லாமல் போனது. மறுநாள் காலை மலை இறங்கி மருத்துவரிடம் காட்டினார்கள். அவர் உடைந்த இறகைத் தொடவே இல்லை. “காய்ந்துவிட்டது, இறகு உதிரும் பருவத்தில் தானாக விழும்” என்று சொல்லி அனுப்பினார். விழுந்தது, புதிதும் முளைத்தது.

வரிசையாகச் செய்ய வேண்டியவை

முதலில் வெளிச்சத்தைக் குறையுங்கள். பிள்ளைகள், பூனை, தொலைக்காட்சி எல்லாவற்றையும் விலக்குங்கள். பறவை பதறினால் இதயம் வேகமாக அடிக்கும், ரத்தமும் வேகமாகப் போகும்.

இரண்டாவது, மெல்லிய துண்டால் பிடியுங்கள். கழுத்தின் இரு பக்கமும் தாடையருகே விரல்கள் இருக்கட்டும், உடம்பு துண்டுக்குள் தளர்வாக இருக்கட்டும். நெஞ்சை மட்டும் அழுத்தவே கூடாது. நமக்கு இருப்பது போன்ற உதரவிதானம் பறவைக்குக் கிடையாது. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் அதற்கு மூச்சு. இறுக்கிப் பிடித்தால் ரத்தத்தால் சாகாத பறவை மூச்சுத் திணறிச் சாகும்.

மூன்றாவது, ரத்தம் வரும் இடத்தைக் கண்டுபிடித்துச் சுத்தமான வலைத்துணியால் அழுத்துங்கள். பஞ்சு வேண்டாம். இழை ஒட்டிக்கொண்டு, எடுக்கும்போது உறைந்த ரத்தத்தையும் இழுத்துவிடும். இரண்டு மூன்று நிமிடங்களுக்கு நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள்.

நான்காவது, நிற்கவில்லையென்றால் உடைந்த முனையில் சோளமாவு வைத்து மறுபடியும் அழுத்துங்கள். செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் ரத்தம் நிறுத்தும் தூள் நகம் வெட்டும்போது பயன்படுத்துவதற்கானது. தோலிலும் சதையிலும் பட்டால் எரியும், திசுவைப் புண்ணாக்கும். இறகு வேரோடு பிடுங்கப்பட்ட குழியில் அதைத் திணிக்கவே கூடாது.

ஐந்தாவது, ரத்தம் நின்ற பிறகு சின்னப் பெட்டியில் விடுங்கள். தரையில் வெள்ளைத் துணியோ காகிதமோ விரித்தால், மறுபடியும் கசிந்தால் உடனே தெரியும். இரண்டு மணி நேரமாவது கண் வைத்திருங்கள். ரத்தக் கறையைக் கழுவுகிறேன் என்று குளிப்பாட்ட வேண்டாம்.

பிடுங்கலாமா?

“ரத்த இறகு உடைந்தால் பிடுங்கிவிடு” என்பது பறவை வளர்ப்பவர்களிடம் நெடுங்காலமாக இருந்த அறிவுரை. அதில் நியாயமும் உண்டு. உடைந்த குழாயை எடுத்துவிட்டால் குழியைச் சுற்றியுள்ள சதை மூடிக்கொள்ளும், ரத்தம் நிற்கும், புது இறகும் சீக்கிரம் முளைக்கும்.

ஆனால் இன்று பறவை மருத்துவர்கள் பலர், அழுத்தியே ரத்தம் நின்றால் அந்த இறகை விட்டுவிடச் சொல்கிறார்கள். சிறகின் பெரிய இறகுகள் தோலோடு மட்டும் நிற்பவை அல்ல, அவற்றின் வேர் எலும்பு வரை போகிறது. பிடுங்கினால் பறவைக்குக் கடுமையான வலி. சிறகெலும்பைச் சரியாகத் தாங்கிப் பிடிக்காமல் இழுத்தால், அந்த மெல்லிய எலும்பே முறியலாம். இறகுக் குழி சேதமானால் அடுத்த இறகு கோணலாக முளைக்கும், அல்லது தோலுக்குள்ளேயே சுருண்டு கட்டியாகும். சில சமயம் ரத்தம் நிற்பதற்குப் பதிலாகக் குழியிலிருந்து கூடுதலாகக் கொட்டும்.

எவ்வளவு அழுத்தியும் நிற்காமல் திரும்பத் திரும்பக் கசிந்தால் பிடுங்கத்தான் வேண்டும். அது மருத்துவர் வேலை. ஒரு கையால் எலும்பை அசையாமல் பிடித்து, தோலை ஒட்டி இடுக்கியால் இறகைக் கவ்வி, அது முளைத்த திசையிலேயே ஒரே நேர் இழுப்பில் எடுத்து, உடனே குழியை அழுத்திப் பிடிப்பார். வலி குறைக்க மருந்தும் அவரிடம் உண்டு. அடுப்படியில் குறடு வைத்துச் செய்வதற்கும் இதற்கும் உள்ள தூரம், ரிங்லெட்டுக்கும் ஈப்போவுக்கும் உள்ள தூரம்.

அடுப்படி மருந்துகள்

தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் இது பழக்கம். கொழுந்துக் கூடையோடு ஓடி விழுந்தால் முழங்காலில் மஞ்சள், அரிவாள் பட்டால் காப்பித்தூள், குளவி கொட்டினால் வெற்றிலைச் சுண்ணாம்பு. பாட்டிமார்களின் அக்கறையைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பறவை தன் அலகால் இறகைக் கோதிக்கொண்டே இருக்கும். நாம் பூசியது எதுவானாலும் அது அதன் வயிற்றுக்குள் போகும். காப்பித்தூளில் உள்ள காஃபின் பறவைக்கு நஞ்சு. சுண்ணாம்பு வாயையும் குடலையும் அரித்துவிடும்.

தேங்காயெண்ணெய், வாசலின், தைலம் எதுவும் வேண்டாம். எண்ணெய் பட்ட இறகு ஒட்டிக்கொண்டு குளிரைத் தடுக்கும் சக்தியை இழக்கும். நமக்குக் கொடுக்கும் வலி மாத்திரையைத் தூளாக்கித் தண்ணீரில் கலப்பதும் கூடாது.

மலைக் குளிரும் மலைப் பாதையும்

ரத்தம் இழந்த பறவைக்குக் குளிர் இரண்டாவது எதிரி. கீழே தாப்பாவிலோ ஈப்போவிலோ இருப்பவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் நமக்கு, இரவு 20 பாகைக்குக் கீழே இறங்குவது சாதாரணம். அடிபட்ட பறவைக்கு 28 முதல் 30 பாகை வரை வெதுவெதுப்பு வேண்டும். புட்டியில் சுடுநீர் ஊற்றி, துண்டில் சுற்றி, பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வையுங்கள். மறுபக்கம் காலியாக இருந்தால், சூடு அதிகமானால் பறவை நகர்ந்துகொள்ளும். இறகைச் சிலிர்த்துக்கொண்டு குறுகி உட்கார்ந்தால் குளிர்கிறது. வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். பக்கத்தில் ஒட்டாத பூச்சுள்ள சட்டியை அடுப்பில் காயவைக்காதீர்கள். அது அதிகமாகச் சூடேறினால் வரும் புகை, பறவையை நிமிடங்களில் கொன்றுவிடும்.

அடுத்தது பாதை. ரிங்லெட்டிலிருந்து தாப்பாவுக்கு ஏறத்தாழ 45 கிலோமீட்டர், எல்லாம் வளைவு. மழைக்காலத்தில் மண் சரிந்தால் அதுவும் அடைபடும். கால்நடை மருத்துவர் எல்லாரும் பறவை பார்ப்பதில்லை. ஆகவே பறவை நன்றாக இருக்கும்போதே, பகல் நேரத்தில் நான்கு கிளினிக்குகளுக்குப் போன் செய்து, “பறவை பார்ப்பீர்களா? இரவில் கூப்பிடலாமா?” என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சிக்கலான சிகிச்சை என்றால் செர்டாங்கில் புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை இருக்கிறது.

பத்து நிமிடம் அழுத்தியும் நிற்காவிட்டாலும், பறவை கூண்டின் தரையில் உட்கார்ந்துவிட்டாலும், அலகின் உட்புறம் வெளிறிப் போனாலும், சிறகு ஒரு பக்கம் தொங்கினாலும் காலை வரை காத்திருக்காதீர்கள். பூனை வாயில் பட்டிருந்தால் காயம் கடுகளவு என்றாலும் அன்றே மருந்து வேண்டும். பூனையின் எச்சிலில் உள்ள கிருமி பறவைக்கு அவ்வளவு கொடியது.

கீழே கிடக்கும் இறகைப் பாருங்கள்

கூண்டுக்குக் கீழே இறகு கிடந்தாலே சிலர் பயந்துவிடுகிறார்கள். எடுத்து அடிமுனையைப் பாருங்கள். சுத்தமாக, வெண்மையாக, வெறும் குழலாக இருந்தால் அது இயல்பாக உதிர்ந்தது. சிறகில் இடம் ஒன்று விழுந்தால், சில நாளில் வலத்திலும் அதே இடம் விழும். பறக்கும் சமநிலை கெடாமலிருக்க இயற்கை செய்த ஏற்பாடு.

மெர்போக் போன்ற புறா இனங்களுக்கு இன்னொரு வழக்கம் உண்டு. மிரண்டால், அல்லது வாலைப் பிடித்தால், கொத்தாக இறகுகளை உதிர்த்துவிட்டுத் தப்பிக்கப் பார்க்கும். பல்லி வாலை விடுவது மாதிரி. ரத்தம் இல்லையென்றால் கவலை வேண்டாம், மறுபடி முளைக்கும்.

ஆனால் முளைக்கும் இறகுகள் ஒன்றன்பின் ஒன்றாக உடைந்துகொண்டே இருந்தால், அல்லது தண்டுக்குள் ரத்தம் கட்டிக் கருத்துக் கோணலாக வந்தால், அது விபத்து அல்ல. கிளியினங்களைத் தாக்கும் அலகு–இறகு நோய் என்ற வைரஸ் தொற்றாக இருக்கலாம். மற்ற பறவைகளிலிருந்து பிரித்து வைத்துவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

கவ்வாத்து செய்த சிறகு

ரத்த இறகு உடைவதற்கு நாமே உண்டாக்கும் காரணம் ஒன்று உண்டு: சிறகு வெட்டுவது. தேயிலைச் செடியைக் கவ்வாத்து செய்தால் வெட்டிய இடத்தில் துளிர்க்கும். வெட்டிய இறகு அப்படித் துளிர்க்காது. அடிக்கட்டை உதிர்ந்து புது இறகு வரும் வரை அப்படியேதான் நிற்கும். பிறகு புது இறகு தனியாக நீட்டிக்கொண்டு முளைக்கும். இரு பக்கமும் அணைகட்டி நிற்க வேண்டிய முற்றிய இறகுகள் இல்லாததால், சின்ன மோதலிலேயே ஒடியும். சிறகு வெட்டிய பறவைகளுக்கு இது திரும்பத் திரும்ப நடப்பது இதனால்தான். வெட்டாமல் வளர்ப்பதே நல்லது. வெட்டியே ஆக வேண்டுமென்றால் முளை இறகுகள் இல்லாத சமயத்தில், தெரிந்தவர் கையால் செய்யுங்கள்.

இரவில் கூண்டருகே மங்கலான சின்ன விளக்கு ஒன்று எரியட்டும். சாலைப் பக்கச் சன்னலுக்குத் திரை போடுங்கள். இறகு உதிரும் பருவத்தில் வெறும் தினை, சூரியகாந்தி விதையோடு நிறுத்தாமல் அவித்த முட்டை, நன்றாகக் கழுவிய கீரை, கேரட் கொடுங்கள். இறகு என்பதே புரதம்தான். வெயில் அடிக்கும் நண்பகலில் குளிக்கத் தண்ணீர் வையுங்கள், முளை இறகின் உறை இளகும்.

“ஒரு குருவிக்கா இவ்வளவு?”

மலை இறங்கும் பெட்ரோல் செலவே பறவையின் விலையைத் தாண்டிவிடும் என்று கணக்குப் போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். 2015-ஆம் ஆண்டின் விலங்குநலச் சட்டம், வளர்ப்பவர் தன் பிராணியை வலியிலிருந்தும் காயத்திலிருந்தும் காக்க வேண்டும் என்பதைக் கடமையாகவே வைத்திருக்கிறது. அதற்கு முன்பே, கூண்டுக்குள் வைத்தது நாம் என்ற கடமை இருக்கிறது. காட்டில் இருந்தால் அது தன் வழியைத் தானே பார்த்துக்கொள்ளும். கூண்டுக்குள் அதற்கு நம்மைத் தவிர யாரும் இல்லை.

இந்த வாரமே ஒரு சின்ன டப்பா எடுங்கள். வலைத்துணி, சோளமாவு, மெல்லிய துண்டு, சின்ன டார்ச் விளக்கு, கிராம் காட்டும் தராசு இருந்தால் அதுவும். மூடியின் உள்பக்கம் பறவை பார்க்கும் மருத்துவரின் எண்ணை எழுதி ஒட்டுங்கள். டப்பா எங்கே இருக்கிறது என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்கட்டும், முக்கியமாகப் பிள்ளைகளுக்கு.